மிளகு விளையும் ஊருக்குப் போ!

போன ஞாயிற்றுக்கிழமை ஆய்க்குடியிலிருந்து ஒரு போன் வந்தது. வெளியே நல்ல சாரல். சீசன் நேரத்தில் தென்காசியில் பாதிப் பேர் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை அருவிக்குக் கூட்டிப் போய்க் களைத்திருப்பார்கள். மீதிப் பேர் துணி காயவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள். நான் இரண்டாவது கட்சி. ஈரப் புடவையை ஃபேனுக்கு அடியில் விரித்துக்கொண்டே போனை எடுத்தேன்.

"தங்கச்சி, ஒங்கள நம்பித்தானே பேசினேன்... முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிட்டியளே!"

வேலாயுதம் அண்ணாச்சி. தென்காசியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். என் அண்ணன் மகன் கதிருக்கு இவர் மகள் பவித்ராவைத்தான் பேசி முடித்திருந்தோம். பேசி முடித்தவள் நானேதான். பூ வைத்தாயிற்று. ஆவணியில் நிச்சயதார்த்தம் என்று மண்டபம்கூட விசாரித்தாயிற்று.

"என்ன அண்ணாச்சி? எந்தப் பூசணிக்காய்?"

"பையனுக்கு மேலுக்கு என்ன?"

"மேலுக்கு ஒண்ணுமில்லையே... நல்லாத்தான இருக்கான்."

"நல்லா இருக்கவன் மேலெல்லாம் எதுக்கு மிளகு? அவுக அம்மா எதுக்குக் கோயில்ல உப்பும் மிளகும் போடுதாவ? எங்க வீட்ல கண்ணால பாத்திருக்கா. இது சரிப்படாது தங்கச்சி. நிப்பாட்டிக்கிடுவோம். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய."

போன் வைக்கப்பட்டது. மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைப்பதாம்?

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் தேமல், படை, மரு என்று தோலில் எது வந்தாலும் முதல் வைத்தியம் கோயிலில்தான். உப்பும் மிளகும் வாங்கிப் பலிபீடத்தில் போட்டுவிட்டு வருவோம். உப்பு கரைகிற மாதிரி நோயும் கரைந்துவிடும் என்பது நம்பிக்கை. ஆகவே, ஒரு கல்யாணப் பையனின் அம்மா தனியாகக் கோயிலுக்குப் போய், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, முந்தானையிலிருந்து உப்பும் மிளகும் எடுத்துப் போட்டால் என்ன அர்த்தம்? ஊருக்கே தெரியும் என்ன அர்த்தம்!

ஆனால் பையன் மேல் மிளகு? அது எங்கிருந்து வந்தது?

கதிரைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பும் எழுதியிருக்கிறேன். சுந்தரபாண்டியபுரம் பக்கம் காற்றாலைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவன். நமக்கெல்லாம் மொட்டைமாடியில் நின்றாலே கால் கூசும். இவன் அந்த உச்சியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பான். இப்போது டென்மார்க்கில் வேலை. காற்றாலைக்காரர்களுக்கு அது தாய்வீடு மாதிரி. தை மாதம் லீவில் வந்தபோது பவித்ராவைப் பார்த்தான். பார்த்துவிட்டு வருகிற வழியெல்லாம் பேசாமலே வந்தான். அவன் பேசாமல் வந்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

நிச்சயதார்த்தம் வரை பையனும் பெண்ணும் போனில் பேசக்கூடாது என்பது அண்ணாச்சி போட்ட சட்டம். இந்தக் காலத்தில் இப்படி ஒரு சட்டமா என்று கேட்காதீர்கள். ஸ்டேட்டஸ் பார்க்கலாம், பேசக்கூடாது. அதுதான் வினையாகிவிட்டது.

ஆட்டோ பிடித்து மேலகரத்துக்குப் போனேன். என் அண்ணி — எங்கள் ஊர் வழக்கில் மதினி — செண்பகம் அங்கேதான் இருக்கிறாள். அண்ணன் போனபிறகு ஒற்றை ஆளாக மகனை ஆளாக்கியவள். யாரிடமும் எதற்கும் தலைகுனிந்து நிற்காதவள். கோபம் வந்தால் மூக்குத்தி மட்டும் தனியாக மின்னும்.

"மதினி, கோயில்ல மிளகு போட்டியளா?"

மூக்குத்தி மின்னியது. "ஒனக்கு யாரு சொன்னா?"

"ஆய்க்குடிக்காரங்க சொன்னாங்க. கல்யாணத்த நிப்பாட்டிட்டாங்க. எதுக்குப் போட்டிய?"

மதினி உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்து ஒரு படத்தைக் காட்டினாள். கதிரின் ஸ்டேட்டஸிலிருந்து எடுத்து வைத்திருந்தது. நான் பார்த்திருக்கவில்லை. படத்தில் கதிர் ஒரு விளக்குக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தான். தலையிலிருந்து இடுப்பு வரை சொட்டச் சொட்ட ஈரம். அதன்மேல் கறுப்பும் பழுப்புமாகப் பொடி அப்பியிருந்தது. சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் டப்பா டப்பாவாக மிளகைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கோமு, குளிருல தோலு வெடிக்குது, அரிக்குதுன்னு மாசியிலயே சொன்னான். நான் எண்ணெய் தேயின்னு சொன்னேன். பாத்தா... முத்திப் போயிருக்கு. எங்கிட்ட மறைச்சிருக்கான். கூட இருக்கவங்க பாவம், அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி நேத்திக்கடன் செய்யுதாங்க."

"மதினி... டென்மார்க்கிலயா நேர்த்திக்கடன்?"

"ஏன், செய்யக்கூடாதா? இத்தனை வருசம் நம்மளக் கேலி பண்ணுனாவ. இப்ப பாரு, வெள்ளைக்காரனே நம்ம வழிக்கு வந்துட்டான். என்ன... உப்புப் போட மறந்துட்டான். அதான் நான் இங்கன சேத்துப் போட்டேன்."

சிரிப்பதா, அழுவதா? சொல்லும்போது அவள் குரலில் பாதி பயம், பாதி பெருமை. மகனுக்கு ஏதோ வந்துவிட்டதே என்று நடுங்குகிற நேரத்திலும், டென்மார்க் நம் வழிக்கு வந்துவிட்டதில் ஒரு திருப்தி! இந்த மாதிரி மனுஷிகளால்தான் எங்கள் ஜில்லா ஓடிக்கொண்டிருக்கிறது.

சாப்பாட்டை முடித்துவிட்டு, அங்கே நன்றாக விடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, கதிரை வீடியோவில் கூப்பிட்டேன். சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனோடு வீட்டைப் பகிர்ந்திருக்கும் இரண்டு பேர். ஜெர்மன்காரன் யோனாஸ், போலந்துப் பெண் மாக்தா. மூன்று பேரும் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏலே, சட்டையக் கழத்து."

"அத்தே! ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். முதுகக் காட்டு."

மதினி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். காட்டினான். முதுகு, சுந்தரபாண்டியபுரம் வெயிலில் கறுத்த அதே முதுகு. ஒரு புள்ளி இல்லை. மதினி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெலிஞ்சிட்டான்" என்றாள். அம்மாக்களுக்கு அடுத்த குறை எப்போதும் தயாராக இருக்கும்.

"பெறகு எதுக்குலே மிளகு?"

"அத்தே, அது இங்கன ஒரு வழக்கம். முப்பது வயசு வரைக்கும் கல்யாணம் ஆகலன்னா பொறந்த நாளைக்கு மிளகால குளிப்பாட்டுவாங்க. எனக்குத்தான் போன வாரம் முப்பது ஆச்சுல்லா? ஆபீஸ் வாசல்ல புடிச்சுக் கட்டிப் போட்டு, தண்ணிய ஊத்தி, கொட்டிட்டாங்க. இன்னும் தும்மல் நிக்கல."

டேனிஷ் மொழியில் கல்யாணம் ஆகாத ஆணுக்குப் பெயரே 'பெபர்ஸ்வென்' என்றான். பெபர் என்றால் மிளகு. ஸ்வென் என்றால் பையன், ஆள் மாதிரி. மிளகுப் பையன்! பழைய காலத்தில் மிளகு விற்க ஊர் ஊராய் அலைந்த வியாபாரிகளின் ஆட்களுக்குக் கல்யாணம் செய்துகொள்ள அனுமதி இல்லையாம். அப்படி வந்த பெயர் என்று ஒரு கதை. இருபத்தைந்தில் கல்யாணம் ஆகாவிட்டால் பட்டைப் பொடி. முப்பதில் மிளகு. எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, பாருங்கள்.

பேச்சில் மிளகு மிளகு என்று அடிபட்டதும் யோனாஸ் விவரம் கேட்டான். கதிர் சொன்னான். யோனாஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, இங்கிலீஷில் என்னிடம் சொன்னான் — அவர்கள் ஊரில் ஒருவனைப் பிடிக்கவில்லை என்றால், கண்காணாமல் போ என்று துரத்த வேண்டும் என்றால், "மிளகு விளைகிற இடத்துக்குப் போ" என்பார்களாம். உலகத்திலேயே தூரமான, போனால் திரும்ப முடியாத இடம் என்று பொருள்.

உடனே மாக்தா, எங்கள் மொழியிலும் உண்டு என்றாள். அங்கே அது துரத்துவதற்கு இல்லை, ஓடுவதற்கு. பயந்து அலறி அடித்து ஓடுகிறவனைப் பார்த்து, "மிளகு விளைகிற இடத்துக்கே ஓடிவிட்டான்" என்பார்களாம்.

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. கோபமா, குஷியா என்று எனக்கே தெரியவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்குப் போனேன். அங்கே மதினி வளர்க்கும் பலாமரம். அடியிலிருந்து கிளை வரை அதைச் சுற்றி மிளகுக் கொடி. சாரலில் நனைந்து இலை ஒவ்வொன்றும் பளபளவென்று இருந்தது. பச்சைச் சரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. போனைத் திருப்பிக் காட்டினேன்.

"யோனாஸ், இதுதான் அந்த இடம். நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். நன்றாகவே இருக்கிறோம்!"

மாக்தா, அது என்ன செடி, இன்னும் கிட்டே காட்டுங்கள் என்றாள். அவள் இதுவரை மிளகைப் பார்த்தது பாட்டிலில்தான். கொடியில் பார்த்ததில்லை. நான் ஒரு சரத்தைப் பறித்துக் கேமரா முன்னால் பிடித்தேன். இரண்டு பேரும் ரொட்டியை வைத்துவிட்டுக் குழந்தைகள் மாதிரிப் பார்த்தார்கள்.

மதினி கேட்டாள்: "என்னட்டி சொல்லுதாவ?" சொன்னேன். அவள் ஜெர்மனியை விட்டுவிட்டாள். போலந்தைப் பிடித்துக்கொண்டாள். "பாவம், பயந்து ஓடுதவன் இங்கன வரட்டும். சோறு போடுவோம்னு சொல்லு."

சொன்னேன். மாக்தாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அதன் பிறகு இரண்டு நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. துணி காயவில்லை என்ற கவலைகூட மறந்துபோனது. மிளகு என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பா முழுக்கச் சுற்றினேன் — செருப்புத் தேயாமல், விசா இல்லாமல். என்ன ஒரு சொல் அது!

பெப்பர் எங்கிருந்து வந்தது? பிப்பலி என்ற வடசொல்லிலிருந்து. பிப்பலி என்றால் மிளகு அல்ல, திப்பிலி. சளி பிடித்தால் கஷாயத்தில் போடுவோமே, அந்தத் திப்பிலிதான். பெயர்களைப் பார்த்தாலே சொந்தக்காரர்கள் என்று தெரியும். கிரேக்கர்கள் அதை 'பெபெரி' என்றார்கள். ரோமானியர்கள் 'பிபேர்' என்றார்கள். திப்பிலியும் மிளகும் ஒன்றாகவே கப்பலேறிப் போனதில், பெயர் மிளகின் மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிறகு திப்பிலியை அவர்கள் மறந்தே போனார்கள். ஆக, ஐரோப்பா முழுவதும் இன்றைக்கும் மிளகைத் திப்பிலியின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது. தம்பியை அண்ணன் பெயரால் கூப்பிடும் வாத்தியார் மாதிரி!

ஜெர்மனில் 'ஃபெஃபர்'. பிரெஞ்சில் 'புவாவ்ர்'. இத்தாலியில் 'பேப்பே'. போலந்தில் 'பியெப்ஷ்' — சொல்லிப் பாருங்கள், பாதி தும்மல் அதிலேயே வந்துவிடும். ஸ்பானியர்களும் போர்த்துகீசியர்களும் மட்டும் வேறு வழி. சாயத்துக்கான ஒரு லத்தீன் சொல்லிலிருந்து பெயர் எடுத்துக்கொண்டார்கள்.

பெயர் போனது சரி. அர்த்தம் எப்படியெல்லாம் போனது? டச்சுக்காரர்களுக்கு ஒரு பொருள் யானை விலை என்றால் அது 'மிளகு விலை'. பிரெஞ்சில் குடித்துவிட்டு உருளுகிறவனுக்கு மிளகோடு ஒட்டிய ஒரு பெயர். ஹங்கேரியில் மிளகாயைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே, பாப்ரிகா... அந்தப் பெயரும் மிளகின் குட்டிதான் என்கிறார்கள். இத்தாலியில் பீட்சா கடையில் 'பெப்பரோனி' கேட்டால் குடைமிளகாய் வருமாம். அமெரிக்காவில் கேட்டால் மாமிசம் வருமாம். ஒரே சொல்! ஒருவனுக்குத் திட்டு, ஒருவனுக்கு ஓட்டம், ஒருவனுக்குப் பணக்காரத்தனம், ஒருவனுக்குப் பிரம்மச்சரியம்.

நாமும் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. மிளகாய் கப்பலில் வந்து இறங்கியபோது என்ன செய்தோம்? மிளகு மாதிரிக் காய் என்று 'மிளகாய்' ஆக்கிவிட்டோம். வந்தவனுக்கும் நம் வீட்டு இனிஷியல்தான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையும் அதற்கு மேற்கே உள்ள மலையும் விளைவித்த ஒரு சின்ன உருண்டை. அது இல்லாவிட்டால் அவர்களுக்குத் திட்டக்கூடத் தெரிந்திருக்காது!

ஆனால் பெருமையை வைத்துக்கொண்டு கல்யாணம் நடக்குமா?

அன்றைக்கு வீடியோவை அணைப்பதற்கு முன்னால் கதிர் குரலைத் தாழ்த்திக் கேட்டிருந்தான். "அத்தே, அந்த வீட்ல ஏதும் தப்பா நெனச்சிட்டாங்களா?" நான் மழுப்பினேன். அவன் விடவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன். போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போனான். பிறகு, "எனக்கு அவங்களத்தான் புடிச்சிருக்கு அத்தே. வேற எடம் பாக்க வேண்டாம். எப்படியாவது பேசிருங்க" என்றான்.

காற்றாலை உச்சியில் கூசாதவன் குரல் அன்றைக்குக் கூசியது.

மதினியைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. "எம் புள்ளைக்கு ஒண்ணுமில்ல. அத நான் எதுக்குப் போயி நிரூபிக்கணும்? அவுகளே தெரிஞ்சுகிட்டு வரட்டும்" என்றாள். மிளகு போட்டது யார், சந்தேகத்தைக் கிளப்பியது யார் என்று நான் கேட்கவில்லை. உயிர்மேல் ஆசை. புதன்கிழமை சாயங்காலம் ஒருவழியாகப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். தோற்கப் போகிறோம் என்றாலும் நல்ல சேலையில் தோற்க வேண்டும் என்பது அவள் கொள்கை.

ஆய்க்குடியில் அண்ணாச்சி மரியாதையாகத்தான் வரவேற்றார். அவர் மனைவி காபியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். மதினி காபியைத் தொடவில்லை. எங்கள் பக்கம் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு — பேச்சு முடியட்டும், பிறகு குடிப்பதா வேண்டாமா என்று பார்க்கலாம். நான் முறுக்கை எடுத்துக்கொண்டேன். பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்பார்கள். நான் ஐரோப்பா மிளகு முழுவதையும் மூளையில் சுமந்துகொண்டு போயிருந்தேனே!

ஆரம்பித்தேன். டென்மார்க், பெபர்ஸ்வென், ஜெர்மனி, போலந்து, திப்பிலி... ஒன்று விடவில்லை. அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். கடையில் ஆணி வாங்க வருகிறவன் வீடு கட்டும் கதையைச் சொன்னால் எப்படிக் கேட்பாரோ, அப்படி.

"அதெல்லாம் சரி தங்கச்சி. கல்யாணம் ஆகலங்கதுக்கு ஒரு மனுசன் மேல மிளகக் கொட்டுவானா? நம்புத மாதிரியா இருக்கு?"

"நாம கல்யாணம் ஆனவன் தலையில அரிசியக் கொட்டுதோம். அவன் ஆகாதவன் தலையில மிளகக் கொட்டுதான். ரெண்டும் மளிகைச் சாமான்தான அண்ணாச்சி!"

அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"பெறகு இவுக எதுக்குக் கோயில்ல போட்டாவ?"

மதினி முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "நானும் ஒங்கள மாதிரித்தான் நெனச்சேன். போட்டோவப் பாத்துட்டுப் பயந்து போட்டேன். தாயில்லா?"

இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அண்ணாச்சிக்கு வேண்டியிருந்தது. "எங்க அக்கா மகன் டாக்டருக்குப் படிச்சிருக்கான். பையன வீடியோவுல கூப்பிட்டு, சட்டையக் கழத்தச் சொல்லி, அவன் ஒரு தடவ பாத்துட்டான்னா..."

மூக்குத்தி மின்னியது. மதினி எழுந்துவிட்டாள். "எம் புள்ள என்ன சந்தையில நிக்குத மாடா, பல்லப் புடிச்சுப் பாக்குததுக்கு? வா கோமு."

போச்சு. என் கையில் கடித்த முறுக்கு. வாசலை நோக்கி மதினி இரண்டு எட்டு வைத்திருப்பாள். அப்போதுதான் பவித்ரா உள்ளே வந்தாள்.

பவித்ரா பிசியோதெரபிஸ்ட். ஆய்க்குடியிலேயே நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கான ஒரு மையத்தில் வேலை. வேலை முடிந்து நேரே வருகிறாள். தோளில் பை, கையில் சொட்டும் குடை. நாங்கள் வந்தது தெரியாது போலிருக்கிறது. ஒரு நிமிடம் எல்லார் முகத்தையும் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது.

"மிளகு விசயமா அத்தை? நான் அன்னைக்கே போன்ல தேடிப் படிச்சிட்டேன். டென்மார்க் வழக்கம்னு அப்பாட்ட சொல்லவும் செஞ்சேன். அப்பாதான் நம்பல."

ஐயோ! அப்படியானால் இவ்வளவு நேரம் நான் ஐரோப்பாவைச் சுற்றியது? முறுக்கை மெல்லும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"அந்த ஊர்ல பொம்பளைங்களுக்கு என்ன செய்வாங்க அத்தை?" என்று என்னைக் கேட்டாள். "நான் படிச்சதுல சரியாப் புரியல."

"அதுக்கும் ஒரு பேரு இருக்கும்மா. மிளகுப் பொண்ணு மாதிரி. முப்பது ஆயிட்டுன்னா அவளுக்கும் மிளகுதான்."

"ரெண்டு பேருக்கும் ஒரே மிளகா?"

"ஒரே மிளகு."

"நல்ல ஊரு" என்றாள் பவித்ரா. குடையை மூலையில் சாத்தினாள். "இங்கன முப்பது ஆச்சுன்னா ஆம்பளைக்குச் சம்பளம் கூடியிருக்குன்னு சொல்லுதோம். பொம்பளைக்கு வயசையே கொறைச்சுச் சொல்லுதோம்."

அண்ணாச்சி, "பவி..." என்றார்.

"இல்லப்பா. அவங்க ஒளிச்சாங்கன்னு கல்யாணத்த நிப்பாட்டுதிய. நாம ஒளிச்சத யாரு சொல்லுதது?" மதினியைப் பார்த்துத் திரும்பினாள். "அத்தை, எனக்கு இருபத்தேழு இல்ல. ஐப்பசி வந்தா முப்பது. ஒங்க மகனவிட நாலு மாசம்தான் சின்னவ."

எங்கள் குடும்பத்தில் ஜாதகம் பார்ப்பதில்லை. கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பதோடு சரி. அண்ணாச்சி இருபத்தேழு என்றார்; நம்பினோம். பையனுக்கும் பெண்ணுக்கும் மூன்று வயதாவது இடைவெளி இருக்க வேண்டும் என்று மதினி கறாராகச் சொல்லியிருந்ததால்தான் அவர் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்பது இப்போது எனக்கு உறைத்தது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். அவர் ஒன்றோடு நிறுத்தியிருக்கிறார், நல்ல மனிதர்தான்.

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹார்டுவேர் கடையில் ஒரு ஊரையே அதட்டும் மனிதர். அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அவர் மனைவியின் கண் கலங்கிவிட்டது. பவித்ரா மட்டும் நிமிர்ந்து நின்றாள். தோள் பையின் வாரை விடாமல் பிடித்திருந்தாள். ஆனால் பார்வை மதினியை விட்டு அகலவில்லை. இந்த ஒரு வாக்கியத்தால் தன் கல்யாணமே போகலாம் என்று அவளுக்குத் தெரியும். கதிரை அவளுக்கும் பிடித்திருந்தது என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது.

இத்தாலியில் இப்படிப்பட்ட பெண்ணை 'முழுக்க மிளகு' என்பார்களாம். துடிப்பும் துணிச்சலும் உள்ளவள் என்று புகழ்ச்சி. ஒரு கண்டம் முழுக்கத் தேடினேன். மிளகுக்கு இதைவிட நல்ல அர்த்தம் எனக்குக் கிடைக்கவில்லை.

மதினி என்ன செய்யப் போகிறாள்? நான் மூக்குத்தியையே பார்த்தேன்.

மதினி மெதுவாகத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள்.

"காப்பி ஆறிட்டு. வேற குடும்மா" என்றாள் பவித்ராவிடம்.

அவ்வளவுதான். எங்கள் பக்கம் இதைவிடத் தெளிவாகச் சம்மதம் சொல்ல முடியாது. அண்ணாச்சியின் மனைவி எழுந்து உள்ளே ஓட, மதினி அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "இவ போடட்டும்" என்றாள். பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, "மூணு வயசு, நாலு வயசுன்னு கேட்டவ நாந்தான. ஒங்களச் சொல்லி என்ன? பொய் சொல்லத் தெரியாத மருமக கெடைச்சிருக்கா. எனக்கு இது போதும்" என்றாள்.

எனக்கு அந்த நிமிடத்தில் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மிளகை நினைத்துப் பெருமைப்பட்டேன் என்று சொன்னேன் அல்லவா? அதெல்லாம் சும்மா. பெருமை என்றால் இதுதான்.

காபி வந்தது, சூடாக வந்தது. அண்ணாச்சிக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். "நிச்சயம் கிச்சயம்னு இழுக்க வேண்டாம். ஆவணியில மொத முகூர்த்தத்துலயே கல்யாணத்த முடிச்சிருவோம். இவளுக்கு முப்பது ஆகுததுக்குள்ள..."

"வேண்டாம்ப்பா" என்றாள் பவித்ரா, டம்ளர்களை எடுத்துக்கொண்டே. "கார்த்திகையில வைங்க. ஐப்பசியில எனக்கும் மிளகு போடட்டும்."

கல்யாணம் கார்த்திகையில்தான். அதற்கு முந்தின மிளகு விழாவுக்கு வருகிறவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள்; கொட்டப் போகிறவள் என் மதினி!